எந்தச் சக்கரம்

ரெலாவ் முச்சந்தி மாமாக் கடை.
இரவு பன்னிரண்டே கால்.
பிளாஸ்டிக் மேசைமேல் நான்கு சாவிகள்.
ஐந்தாவது என்னுடையது,
அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.
இழுவை லோரியின் சாவி.

"முன்சக்கரம்தான்" என்கிறான் சர்குணன்.
அவனுடைய சத்ரியாவுக்கு
அவனைவிட மூன்று வயது குறைவு.
"மழையில பாரு,
மூக்கு எங்க போகுதோ
உடம்பு அங்க வரும்."

"மூக்கு நேரா வேலிக்குப் போகும்,
உடம்பும் ஒழுங்கா பின்னாலயே போகும்."
இது தனேந்திரன்.
பின்சக்கரம், பழைய ஜெர்மன் காடி.
வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி,
டயர் மட்டும் புதுசு.

பூன் ஹாக் தமிழில் எண்ணுவான்
ஹொக்கியனில் திட்டுவான்.
"நாலு. நாலு சக்கரமும். அவ்ளோதான்."
ரொட்டி சானாயை நாலாகக் கிழித்து
தட்டின் மூலைக்கொன்றாக வைத்து
எந்த ஆக்சிலுக்கு எவ்வளவு விசை என்று
பருப்புக் குழம்பால் கோடு போடுகிறான்.
கோடு மேசையைத் தாண்டி
என் சட்டைக்கு வருகிறது.

லோஷினி தே தாரேக்கை ஆற்றுகிறாள்.
பாயான் லெப்பாஸ் சிப் ஆலையில்
தூசியில்லா அறைக்குள்
பன்னிரண்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்தவள்.
அவள் காடிக்கு மின்சாரம்.
"நீங்க கியர் மாத்தி முடிக்கிறதுக்குள்ள
நான் பாலத்துல இருப்பேன்."
"சார்ஜ் போட வரிசையில இருப்பே."
"சத்தமே இல்லாம அது என்ன காடி?
எங்க வீட்டு மிக்சிக்கே சத்தம் இருக்கு."
"அப்ப மிக்சியில ஏறிப் போ."

என்னை யாரும் கேட்பதில்லை.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
முன்சக்கரம் இழுக்கும் காடியை
முன்னால் தூக்கு.
பின்சக்கரமா, பின்னால் தூக்கு.
நான்குமா, மின்சாரமா,
முழுசாக மேடையில் ஏற்று,
தரையில் ஒரு சக்கரமும் உருளக் கூடாது.
ஒருமுறை அவசரத்தில் மறந்தேன்.
ஒரு டாக்டரின் கியர்பெட்டி வெந்துபோனது.
பதினோரு மாதம் தவணை கட்டினேன்.
அதிலிருந்து இந்தப் பாடம்
எனக்கு மட்டும்
வாதமே இல்லை.

போன் அடித்தது.
நான்கு வாயும் மூடின.
கையெல்லாம் குழம்பு, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, பாலிக் பூலாவ் மலைரோடு,
டுரியான் கடைக்கு மேல.
காடி நின்னுருச்சு."
"ஆளுக்கு ஒன்னும் இல்லியே?"
"இல்லண்ணே. கொசுதான்."
"என்ன காடிம்மா?"
"வெள்ளை."
"அதில்ல. முன்சக்கரம் இழுக்குமா
பின்சக்கரமா?"
"எதுவுமே இழுக்கலண்ணே,
அதான் கூப்பிட்டேன்."

தே தண்ணி தனேந்திரனுக்கு மூக்கில் ஏறியது.
சிரிப்பு அடங்கியதும்
ஆல்டர்னேட்டர் என்றான் ஒருவன்.
பெட்ரோல் பம்ப் என்றான் இன்னொருவன்.
"எண்ணெயே தீர்ந்திருக்கும்" என்றாள் லோஷினி,
"எங்களுக்குத்தான் அந்த நோய்னு சொல்வீங்களே."
ஒரு தட்டு மீ கோரெங் பந்தயம்.
முடிவைப் பார்க்க எல்லோரும் கிளம்பினார்கள்.

முன்னால் நான்.
நான்கு லட்சம் கிலோமீட்டர் கண்ட டீசல்,
இரண்டாம் கியரில் முனகுகிறது,
மணிக்கு இருபது.
வளைவுக்கு வளைவு இரட்டைக் கோடு,
முந்த வழியில்லை.
பின்னால் ஒரு டர்போ
மூச்சை இழுத்து இழுத்து விடுகிறது.
சத்ரியா இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தது.
கண்ணாடியில் பார்க்கிறேன்:
என் கூரை விளக்கின் மஞ்சள்
ஒரு பானட்டில் இருந்து அடுத்ததற்குத் தாவுகிறது.
அத்தனை குதிரையும்
என் புகைக்குள்.
ஒத்துக்கொள்கிறேன்,
ஒரு வளைவில் வேண்டுமென்றே
இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினேன்.

டுரியான் கடைக்கு மேலே
தடுப்பு வேலியில் உட்கார்ந்திருந்தாள்,
தாதி உடுப்பு, கையில் செருப்பு,
அதால் கொசுவை விசிறிக்கொண்டு.
வரிசையை எட்டிப் பார்த்தாள்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"அய்யோ பாவம்,
இவங்க காடி எல்லாம் எங்கண்ணே
நின்னுச்சு?"

நான் டார்ச்சோடு குனிந்தேன்.
வெள்ளைதான்.
முன்சக்கரம்.